ஹாஷிமா: ஆளில்லாத தீவும் அதன் புகைப்படங்களும்

கைவிடப்பட்ட இடங்கள் என்று இணையத்தில் யார் பட்டியல் போட்டாலும் அதில் ஒரு தீவின் படம் தவறாமல் இருக்கும். சுற்றிலும் கடல். கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு மதில். மதிலுக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஏழு மாடி, ஒன்பது மாடிக் கட்டடங்கள். எந்த ஜன்னலிலும் கண்ணாடி இல்லை, எந்த வாசலிலும் ஆள் இல்லை. ஜப்பானின் பேய்த் தீவு, ஒரே இரவில் மக்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்கிற மாதிரி கீழே இரண்டு வரிக் குறிப்பும் இருக்கும்.

அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அங்கே பேயும் இல்லை, யாரும் ஒரே இரவில் ஓடவும் இல்லை. ஆனால் படங்கள் பரவிய வேகத்தில் குறிப்பும் பரவிவிட்டது. அந்தத் தீவில் நிஜமாக என்ன நடந்தது, படம் எடுத்தவர்கள் எதை எடுத்தார்கள், எது அவர்கள் கண்ணில் படவில்லை என்பது படத்தைவிட சுவாரஸ்யமான கதை. கொஞ்சம் கசப்பான கதையும்கூட.

தீவின் பெயர் ஹாஷிமா. ஜப்பானின் நாகசாகி துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தூரம். ஜப்பானியர்கள் இதைக் குன்கன்ஜிமா என்றும் சொல்வார்கள், 'போர்க்கப்பல் தீவு' என்று அர்த்தம். நாகசாகி கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1921ல் கடலில் இறக்கப்பட்ட 'டோசா' என்ற போர்க்கப்பலைப் போலவே தூரத்திலிருந்து தெரிந்ததால் வந்த பட்டப்பெயர் அது.

முதலில் அது தீவு என்று சொல்லக்கூட லாயக்கில்லாத ஒரு பாறைதான். 1810 வாக்கில் அங்கே நிலக்கரி இருப்பது தெரியவந்தது. 1890ல் மிட்சுபிஷி நிறுவனம் அந்தப் பாறையை அதன் உடைமையாளரான நபேஷிமா குடும்பத்திடமிருந்து 1,00,000 யென் கொடுத்து வாங்கியது. கரி இருந்தது பாறையில் அல்ல, பாறைக்கு அடியில், கடலுக்கும் அடியில். எனவே மிட்சுபிஷி வாங்கியது ஒரு நிலத்தை என்பதைவிட, பூமிக்குள் இறங்குவதற்கான ஒரு வாசலை என்று சொல்வதே சரி.

வாசலில் ஆட்கள் நிற்க இடம் வேண்டுமே! சுரங்கத்திலிருந்து வந்த கழிவுக்கல்லையே பாறையைச் சுற்றிக் கொட்டி, அதைச் சுற்றி மதில் கட்டி, மீண்டும் கொட்டி, மீண்டும் கட்டி... இப்படி ஆறு முறை தீவைப் பெரிதாக்கினார்கள். கடைசியில் கிடைத்தது 480 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம், மொத்தம் 6.3 ஹெக்டேர். நம் கணக்கில் பதினைந்தரை ஏக்கர். அதிலும் ஒரு பெரிய பகுதி சுரங்க இயந்திரங்களுக்குப் போய்விட்டது. மிச்சத்தில்தான் மனிதர்கள்.

பக்கவாட்டில் இடம் இல்லாவிட்டால் மேலே போக வேண்டியதுதான். 1916ல் அங்கே கட்டிய 30ம் எண் கட்டடம் ஜப்பானின் முதல் ஆர்.சி.சி. அடுக்குமாடிக் குடியிருப்பு. டோக்கியோவிலோ ஒசாகாவிலோ அல்ல, இந்தக் கரித்தீவில்! முதலில் நான்கு மாடி, பிறகு ஏழு மாடி. ஒரு குடும்பத்துக்கு ஆறு பாய் விரிக்கும் அளவுள்ள ஒற்றை அறை, கிட்டத்தட்ட நூறு சதுர அடி. 1918லிருந்து ஒன்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. போர் முடிந்த 1945ல் தொடங்கிய 65ம் எண் கட்டடத்தில் மட்டும் 317 வீடுகள். புயல் வந்தால் மரவீடுகள் தாங்காது என்பதும் கான்கிரீட்டுக்கு ஒரு காரணம். அந்தக் கடலில் புயலுக்குப் பஞ்சமே இல்லை.

1959ல் தீவின் மக்கள்தொகை 5,259. ஒரு ஹெக்டேருக்கு 835 பேர். உலகத்தில் எங்குமே பதிவாகாத நெரிசல் என்று இதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, திரையரங்கு, கோயில், கடைகள், முடிதிருத்தும் நிலையம் எல்லாம் அந்தப் பதினைந்தரை ஏக்கருக்குள்ளேயே. இல்லாதது இரண்டு. ஒன்று இடுகாடு, இரண்டு மரம். 1960களில் கட்டடங்களின் மொட்டைமாடியில் வெளியிலிருந்து படகில் மண் கொண்டுவந்து கொட்டி, காய்கறி பயிரிட்டார்கள். தண்ணீரும் படகில்தான் வந்தது. 1957ல் கடலுக்கடியில் குழாய் பதித்த பிறகே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் என்ற நிலைமை வந்தது.

இதெல்லாம் மேலே. கீழே நடந்தது வேறு. கூண்டில் ஏறினால் கடல்மட்டத்துக்கு 606 மீட்டர் கீழே இறங்கும். அங்கிருந்து சரிவில் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும், கரி வெட்டிய இடங்களில் மிக ஆழமானவை ஒரு கிலோமீட்டரையும் தாண்டின. வெப்பம் 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 95 சதவீதம். நிலக்கரி வாயு எப்போது தீப்பிடிக்கும் என்று தெரியாது. வேலை முடிந்து மேலே வருபவர்கள் முதலில் உடுத்திய உடையோடு ஒரு கடல்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள், பிறகு இன்னொரு கடல்நீர்த் தொட்டி, கடைசியில்தான் நல்ல தண்ணீர். மேலாளர்களுக்கு மட்டும் பாறையின் உச்சியில், அலை தெறிக்காத உயரத்தில், வீட்டுக்குள்ளேயே குளியலறை வைத்த கட்டடம் தனியாக இருந்தது. கம்பெனியில் யார் எந்தப் பதவி என்று தெரிந்துகொள்ள சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை, எந்த மாடியில் வீடு என்று கேட்டாலே போதும்!

1891லிருந்து 1974 வரை அந்த வாசல் வழியாக வெளியே வந்த கரி ஏறக்குறைய 1 கோடியே 57 லட்சம் டன்.

இனி மூடுவிழா. ஜப்பான் 1960களில் நிலக்கரியிலிருந்து பெட்ரோலியத்துக்கு மாறியது. இறக்குமதி எண்ணெய் மலிவு, கையாள்வதும் சுலபம். நாடு முழுவதும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹாஷிமாவுக்கு 1964ல் தனியாக ஒரு அடி விழுந்தது. ஆழத்தில் கரி தானாகவே தீப்பற்றி, அணைக்க வழியில்லாமல் அந்தப் பகுதியையே நீரில் மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. பலர் அப்போதே தீவை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு புதிய கரிப் படுகை ஒன்று கிடைத்ததால் இன்னும் சில வருடங்கள் ஓடியது.

1974 ஜனவரி 15ம் தேதி சுரங்கம் முறைப்படி மூடப்பட்டது. அப்போது தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். கடைசி மனிதர்கள் படகேறியது ஏப்ரல் 20. அதாவது மூன்று மாதம்! பிள்ளைகளின் பள்ளி, புது வேலை, புது வீடு எல்லாம் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, பொம்மை, பாட்டில், செருப்பு என்று அறைகளில் கிடக்கும் பொருட்களைப் பார்த்துத்தான் 'ஓடிவிட்டார்கள்' கதை பிறந்தது. காரணம் அவ்வளவு மர்மமானதில்லை. எல்லாச் சாமான்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போவது கட்டுப்படியாகவில்லை. பழசை விட்டுவிட்டுப் போனார்கள். வீடு மாறும் யாரும் செய்வதுதான்.

இதில் வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலரை ஒட்டி இருந்த விலை 1974 ஜனவரி முதல் தேதியிலிருந்து 11 டாலரைத் தாண்டியது. பதினைந்தாவது நாள், எண்ணெய் மலிவு என்ற கணக்கில் தள்ளாடிய ஒரு கரிச்சுரங்கம் மூடப்படுகிறது! ஆனால் மூடும் முடிவு அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது, எடுக்கக்கூடிய ஆழத்தில் கரியும் தீர்ந்துகொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழித்துக் கழித்துப் பூஜ்யத்துக்கு வந்த ஒரு சொத்து. புத்தகத்தில்தான் பூஜ்யம், கடலில் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் கேமராக்கள் வந்தன.

ஆளில்லாத இடங்களுக்குள் புகுந்து படம் எடுப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பாரிஸ் நகரத்துக்கு அடியில் பழைய கல்குவாரிச் சுரங்கங்களில் லட்சக்கணக்கானவர்களின் எலும்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 1861ல் நாதார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக்காரர் மின்கல விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அங்கே இறங்கினார். இருட்டில் செயற்கை ஒளியை வைத்து எடுக்கப்பட்ட முதல் படங்களில் அவை அடங்கும். ஒரு படம் பதிவாக 18 நிமிடம் வரை ஆனது. எலும்பு அள்ளும் தொழிலாளியையும் படத்தில் காட்ட வேண்டும், ஆனால் எந்த மனிதரால் 18 நிமிடம் அசையாமல் நிற்க முடியும்? நாதார் துணிக்கடைப் பொம்மைகளுக்குத் தொழிலாளி உடை மாட்டி நிறுத்திவிட்டார். இந்தப் பொழுதுபோக்கின் ஆரம்பத்திலேயே தொழிலாளி இருக்க வேண்டிய இடத்தில் பொம்மை நின்றிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை ஒரு இயக்கம் மாதிரி ஆக்கியவர்களில் முக்கியமானவர் கனடாவின் டொரோன்டோ நகரத்தைச் சேர்ந்த ஜெஃப் சாப்மன். 'நிஞ்சாலிஷியஸ்' என்ற புனைபெயரில் 1996லிருந்து 'இன்ஃபில்ட்ரேஷன்' என்ற சிறுபத்திரிகை நடத்தினார். போகக் கூடாத இடங்களுக்குப் போவது எப்படி என்பதுதான் அதன் விஷயமே. 'அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்' என்ற பெயர் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எதையும் உடைக்காதே, எதையும் எடுத்துக்கொண்டு வராதே, படம் மட்டும் எடு என்பது இந்தக் கூட்டத்தாரின் ஒழுங்கு. 2005ல், 31 வயதில் சாப்மன் இறந்துவிட்டார். அவர் எழுதிய கையேடும் அதே வருடம் வெளிவந்தது.

ஜப்பானில் இதற்கு 'ஹைக்யோ' என்று பெயர். இடிபாடு என்று அர்த்தம். 1980களின் ரியல் எஸ்டேட் குமிழி உடைந்த பிறகு அங்கே பாழடைந்த ஓட்டல்களுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் குறைவே இல்லை. ஆனாலும் ஹைக்யோக்காரர்களுக்கு ஹாஷிமாதான் யாத்திரைத் தலம். 2009 வரை தீவில் இறங்கப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. இரவில் மீன்பிடிப் படகை வாடகைக்குப் பிடித்துப் போய், விடிவதற்குள் திரும்பியவர்கள் பலர்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி யூஜி சாய்கா. சுரங்கம் மூடப்படுகிறது என்று கேள்விப்பட்டு 1974லேயே தீவுக்குப் போனவர், அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். மக்கள் மூட்டை கட்டுவதையும் படகேறுவதையும் பார்த்தவர். சுமார் பத்து வருடம் கழித்து மறுபடி போனார். 1986ல் வந்த அவருடைய புத்தகத்தில் காற்று அடித்துத் திறந்த கதவுகளும், தரையில் கிடக்கும் செருப்புகளும் இருக்கின்றன. பிறகு முழுநிலா வெளிச்சத்தில் மட்டும் எடுத்த படங்களாக இன்னொரு புத்தகமும் போட்டார். சாய்காவின் படங்களுக்கும் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான படங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் செருப்பைப் போட்டு நடந்தவர்களை அவர் பார்த்திருந்தார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஆக்குய் யோஷிதாகா என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். அவரும் அவருடைய குழுவும் தீவு காலியான பிறகு அளவு நாடாவோடு போய் ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து வரைபடமாக்கினார்கள். 1984ல் அது பெரிய தொகுப்பாக வெளிவந்தது. யாரும் அதைப் பகிர்ந்து 'வாவ்' என்று போடப் போவதில்லை. ஆனால் எந்த அறையில் எத்தனை பேர் வாழ முடிந்தது, குளிக்க எங்கே போனார்கள், படிக்கட்டு எங்கே முடிந்தது என்பதற்கெல்லாம் பதில் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது, நிலா வெளிச்சத்தில் இல்லை.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். இவ் மர்ஷான், ரொமேன் மெஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர்கள் இருவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பாழடைந்த தியேட்டர்களையும் ரயில் நிலையத்தையும் எடுத்து 2010ல் ஒரு பெரிய புத்தகம் போட்டு உலகப் புகழ் பெற்றார்கள். டெட்ராய்ட்வாசிகளுக்கு அந்த மாதிரிப் படங்கள் பிடிக்கவில்லை. அன்றைக்கு ஏழு லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. எங்கள் ஊரில் நாங்கள் இருக்கிறோம், படத்தில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். இந்த வகைப் படங்களுக்கு 'ரூயின் போர்ன்' என்ற கடுமையான பெயரும் புழக்கத்துக்கு வந்தது. படங்களில் சாவின் சின்னமாக நின்ற அந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018ல் வாங்கிப் புதுப்பித்து 2024ல் மறுபடி திறந்துவிட்டது என்பது தனிக்கதை.

அதே இரண்டு பேர் 2013ல் ஹாஷிமாவைப் பற்றியும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். இங்கே அப்படிக் கேள்வி கேட்க ஊரில் ஆள் இல்லை. அதே வருடம் கூகுள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கேமரா பொருத்திய முதுகுப்பையோடு தீவைச் சுற்றிவந்து ஸ்ட்ரீட் வியூவில் ஏற்றினார். அதற்கு முந்தைய வருடம் வந்த 'ஸ்கைஃபால்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் தீவு ஹாஷிமாவை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டது. ரசாயனக் கசிவு என்று வதந்தி கிளப்பி, தான் ஒரே ராத்திரியில் தீவைக் காலி செய்ததாக வில்லன் பெருமையடிப்பான். இணையத்துக் கதையும் சினிமாக் கதையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டன!

மூடியது ஒரு நிர்வாக முடிவு, மூன்று மாத நோட்டீஸ் என்றால் யாருக்குச் சுவாரஸ்யம்? 'ஒரே இரவு' என்றால் விதி. விதிக்கு யாரும் பொறுப்பில்லை. பாசி படிந்த சுவரைப் படமெடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. கட்டடத்தைத் தின்றது கடலும் காற்றும் என்று தோன்றுகிறது, அவற்றைக் காலி செய்தது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. இந்தத் தீவில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. இங்கே வந்தவர்கள் எல்லோரும் தாங்களாக வந்தவர்களா?

கொரியா 1910லிருந்து 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. போர் முற்றியபோது ஜப்பானிய ஆண்கள் ராணுவத்துக்குப் போக, சுரங்கங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1939லிருந்து கொரியர்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டார்கள். முதலில் ஆசை காட்டி, பிறகு நெருக்கி, 1944லிருந்து சட்டப்படியே கட்டாயப்படுத்தி. அப்படி ஹாஷிமாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 500லிருந்து 800 பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1944ல் சீனர்கள் 204 பேரும் கொண்டுவரப்பட்டார்கள். கடற்சுவரை ஒட்டி, அலையும் ஈரமும் அதிகமான கீழ்த்தளங்களில் தங்கவைக்கப்பட்டதாகப் பிழைத்து வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அதில் ஒருவர் வந்தபோது வயது 14. மதிலின் மேல் நின்று, குதித்துவிடலாமா என்று பலமுறை யோசித்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். பிறகு அவர் நாகசாகி கப்பல் தளத்துக்கு மாற்றப்பட்டார். 1945 ஆகஸ்ட் 9ம் தேதி அணுகுண்டு விழுந்தபோது அவர் அந்த ஊரில் இருந்தார்.

1980களில் தீவின் 1925 - 1945 காலத்துத் தகன ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அதில் கொரியர்கள் 122 பேர், சீனர்கள் 15 பேர். இறந்த கொரியர்கள் அத்தனை பேரும் கட்டாயத்தில் வந்தவர்கள் அல்ல. அதற்கு முன்பே குடும்பத்தோடு வந்து வேலை பார்த்தவர்களும் அந்த எண்ணிக்கையில் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை.

இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம் விவகாரத்துக்கு வருவோம். 2015 ஜூலையில் யுனெஸ்கோவின் பட்டியலில் 'மெய்ஜி கால ஜப்பானின் தொழிற்புரட்சித் தலங்கள்' என்ற பெயரில் 23 இடங்கள் சேர்க்கப்பட்டன, ஹாஷிமா அதில் ஒன்று. ஜப்பான் இதற்காக எடுத்துக்கொண்ட காலகட்டம் 1850களிலிருந்து 1910 வரை. இதன் பொருள் என்ன தெரியுமா? ஜப்பானின் முதல் கான்கிரீட் குடியிருப்பு 1916ல் கட்டியது. அப்படியானால் உலகமே படம் பிடிக்கும் அந்த அடுக்குமாடிகள் எதுவும் இந்தப் பாரம்பரிய மதிப்பில் சேராது! சேர்வது மெய்ஜி காலத்துக் கடற்சுவரும் சுரங்கத்தின் மிச்சங்களும் மட்டுமே. சுற்றுலாப் பயணிகள் எதைப் பார்க்க வருகிறார்களோ அது பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

1910 என்ற கோடு இன்னொன்றையும் வசதியாக வெளியே நிறுத்தியது. ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்ட வருடமும் அதே 1910தான். தென்கொரியா கடுமையாக எதிர்த்தது. கடைசியில் ஒரு சமரசம். 1940களில் கொரியர்களும் மற்றவர்களும் பெருமளவில் தங்கள் விருப்பத்துக்கு மாறாக அழைத்துவரப்பட்டு மோசமான சூழலில் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதைப் பார்வையாளர்கள் புரிந்துகொள்ள ஏற்பாடு செய்வோம் என்று ஜப்பானின் பிரதிநிதி யுனெஸ்கோ கூட்டத்தில் அறிவித்தார். அதன் பிறகே பதிவு நடந்தது. அறிவிப்பு வந்த கையோடு, அது சட்டவிரோதமான கட்டாய உழைப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று ஜப்பான் அரசு விளக்கமும் கொடுத்தது.

சொன்னபடி ஒரு தகவல் மையம் 2020ல் திறக்கப்பட்டது. ஹாஷிமாவிலும் இல்லை, நாகசாகியிலும் இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டோக்கியோவில். அங்கே அதிக இடம் பிடித்தது, தீவில் பாகுபாடு எதுவும் இருந்ததில்லை என்று சொல்லும் முன்னாள் தீவுவாசிகளின் பேட்டிகள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. பலர் அன்று சிறு பிள்ளைகள். பிறந்து விளையாடிய ஊரை 'நரகத் தீவு' என்று உலகம் அழைக்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் மேல்மாடியில் வளர்ந்த குழந்தையின் நினைவு கீழ்த்தளத்தில் இருந்தவரின் சாட்சியத்துக்குப் பதிலாகாது. 2021ல் உலகப் பாரம்பரியக் குழு, சொன்னதைச் செய்யாததற்காக ஜப்பானைக் குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. ராஜதந்திர மொழியில் அது கிட்டத்தட்ட ஒரு குட்டு. 2017ல் தென்கொரியாவில் தீவின் பெயரிலேயே ஒரு பிரம்மாண்டமான திரைப்படம் வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டுத் தப்பிப்பதாக. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. உண்மை போதாது என்று அந்தப் பக்கமும் நினைத்துவிட்டார்கள் போல...

தீவு இப்போது நாகசாகி மாநகராட்சியின் சொத்து. மிட்சுபிஷி 2001ல் பக்கத்து டகாஷிமா ஊராட்சிக்கு இலவசமாகக் கொடுத்தது, அந்த ஊர் 2005ல் நாகசாகியோடு இணைந்தது. 2009 ஏப்ரல் 22லிருந்து சுற்றுலாப் படகுகள் போகின்றன. அலை அரை மீட்டருக்கு மேல் எழும்பினால் இறங்க முடியாது. இறங்கினாலும் தெற்கு ஓரத்தில் கைப்பிடி போட்ட 220 மீட்டர் நடைபாதை, மூன்று இடத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கட்டடங்களுக்குள் போக அனுமதி இல்லை. அது சரியான விதிதான். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊத, கான்கிரீட் பிளந்துகொண்டு விழுகிறது. பள்ளிக்கூடத்தின் அடியில் மண் கடலோடு போய், அஸ்திவாரத் தூண்கள் வெளியே தெரிகின்றன. 1916ல் கட்டிய அந்த 30ம் எண் கட்டடத்தின் ஒரு பகுதி 2020ல் இடிந்து விழுந்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற யாரிடமும் பணம் இல்லை, தொழில்நுட்பமும் போதாது. புகைப்படங்கள் மட்டும்தான் மிஞ்சும் என்ற நிலைமை ஒரு நாள் வரலாம். அப்படியானால் அந்தப் படங்களுக்குக் கீழே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

தீவில் மக்கள் வாழ்ந்த காலத்துப் படங்களும் இருக்கின்றன. மொட்டைமாடித் தோட்டத்தில் சேற்றில் நிற்கும் பிள்ளைகள், கடைத்தெருவில் கூடையோடு நிற்கும் பெண்கள், முகமெல்லாம் கரியாகக் கூண்டிலிருந்து வெளியே வரும் ஆண்கள். தேடினால் கிடைக்கும். காலிக் கட்டடங்களின் படங்களுக்கு இருக்கும் மவுசு அவற்றுக்கு இல்லை, அவ்வளவுதான். கீழ்த்தளங்களில் தங்கவைக்கப்பட்டவர்களை அன்று யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

நாகசாகியிலிருந்து வரும் படகு ஹாஷிமாவை நெருங்குவதற்கு முன் ஒரு சின்னப் பாறைத் தீவு வரும். நகானோஷிமா என்று பெயர். ஹாஷிமாவில் பிணம் எரிக்க இடமில்லாததால் இறந்தவர்களை அங்கே கொண்டுபோய்தான் எரித்தார்கள், ஜப்பானியர், கொரியர், சீனர் எல்லோரையும். 1960களில் தீவுவாசிகள் பூ பார்க்கவும் உட்காரவும் அங்கேயே ஒரு சிறு பூங்காவும் அமைத்தார்கள். படகு அங்கே நிற்பதில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் எதிரே எழும் போர்க்கப்பலைப் படம் பிடிக்கக் கேமராவைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள்.